பழைய ரௌட்டரை அக்சஸ் பாயிண்ட் ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. ஃபைபர் மோடம் கீழே, மாடிக்கு வைஃபை எட்டவில்லை. சும்மா கிடந்த ரௌட்டரையே அக்சஸ் பாயிண்ட்டாக, அதாவது கீழுள்ள அதே நெட்வொர்க்கை மாடியில் வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக, மாற்றித் தருவதாக வந்தவர், கேபிள், கூலி என்று 3,800 ரூபாய் வாங்கிப் போனார். மாடியில் நெட் வந்தது. ஆனால் மாடி லேப்டாப்பில் தேடினால் கீழே உள்ள பிரிண்டர் காட்டவில்லை, கீழேயிருந்து மாடி டிவிக்குப் போன் படத்தை அனுப்ப முடியவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், "ரௌட்டர் பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்கிறார்.

ரௌட்டரில் ஒரு பழுதும் இல்லை. கேபிளை அவர் தனி நிறத்தில் இருக்கும் இன்டர்நெட் போர்ட்டில், அதாவது வேன் (WAN) போர்ட்டில் சொருகியிருக்கிறார். அப்படிச் சொருகினால் ரௌட்டர் தனி நெட்வொர்க் போட்டுக்கொள்ளும். ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க், நடுவில் ஒரு சுவர்.

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. ரௌட்டரை ரீசெட் செய்து, மோடத்தில் இணைக்காமல், லேப்டாப்பை அதன் லேன் (LAN) போர்ட்டில், அதாவது வீட்டுக் கருவிகளை இணைக்கும் போர்ட்டில் மாட்டி செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க வேண்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதைப் போலவே. சேனல் மட்டும் வேறு: 2.4 கிகாஹெர்ட்ஸில் மோடம் 1 என்றால் இது 6 அல்லது 11. மோடம் 192.168.1.1 என்றால் இதன் லேன் ஐபி (வீட்டு நெட்வொர்க்கில் இதன் முகவரி எண்) 192.168.1.2, மோடம் மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் எண்களுக்குள் அது வரக்கூடாது. பிறகு டிஹெச்சிபியை (DHCP), அதாவது கருவிகளுக்குத் தானாக ஐபி எண் பங்கிடும் வசதியை, அணைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் இரண்டு பெட்டிகளும் ஐபி கொடுக்கத் தொடங்கும். வைஃபை முழுசாகக் காட்டும், நெட் மட்டும் வந்து வந்து போகும். கடைசியாக மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள். வேன் காலியாகவே இருக்கட்டும். மிச்ச லேன் போர்ட்டுகள் நெட்வொர்க் சுவிட்ச், அதாவது கேபிள் இணைப்பைப் பிரித்துத் தரும் பெட்டி போலத்தான். டிவி, டிவிஆர் எதையும் மாட்டலாம். அக்சஸ் பாயிண்ட் மோட் மெனுவிலேயே இருக்கும் மாடல்களில் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

அதைவிடப் பெரிய ஏமாற்று கேபிளில். பில்லில் காப்பர், சுவரில் ஓடுவது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம். கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் அது சீக்கிரம் அரித்து, மடிப்பில் ஒடியும். ஜாக்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுக் கம்பியும் முனைவரை வந்திருக்க வேண்டும். நாலு மட்டும் என்றால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. பழைய ரௌட்டரின் போர்ட்டே 100 என்றால் கேபிள் மாற்றியும் பயனில்லை. அதை முன்கூட்டியே சொல்வதுதான் நேர்மை.

ஆள் கிளம்பும் முன் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து, கீழேயும் மாடியிலும் கேட்வே (நெட்டுக்கு வெளியே போகும் வாசலான பெட்டி) எண்ணைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் மோடத்தின் எண்ணே, நம் உதாரணத்தில் 192.168.1.1 என்றே வர வேண்டும். மாடியில் 192.168.0.1 போல வேறு எண் வந்தால் வேலை முடியவில்லை, பணம் கொடுக்காதீர்கள். வெட்டிய கேபிளில் ஒரு முழம் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.