வீடு விற்கும்போது தரகுப் பேச்சு: எத்தனை சதவீதம் என்பதற்கு முன் எந்த நாளில் என்று கேளுங்கள்

தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் பெற்றோர் கட்டிய தனி வீட்டை அண்மையில் 85 லட்சம் ரூபாய்க்கு விற்றோம். தரகுப் பேச்சைத் தொடங்கியபோது மூன்று வழிகள் தெரிந்தன. இரண்டு சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டு நான்கைந்து தரகர்களிடம் சொல்லி வைக்கலாம். "எங்கள் கைக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே வருவது உங்களுக்கு" என்று விட்டுவிடலாம். அல்லது ஒரே தரகரிடம் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு சதவீதத்துக்குப் பேசலாம். நாங்கள் மூன்றாவது வழியில் போனோம். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கைக்கு வரும் விலையைச் சொல்லிவிடும் முறை கேட்பதற்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் தரகர் தம் பங்குக்காக விலையை ஏற்றிச் சொல்லச் சொல்ல, வருகிற பார்ட்டியெல்லாம் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பத்திரத்தில் முழு விலையை எழுதினால் மூலதன ஆதாய வரிக் கணக்கு, அதாவது வீடு விற்ற லாபத்துக்கான வரிக் கணக்கு, அந்த முழு விலையில்தான் தொடங்கும். 50 லட்சமோ அதற்கு மேலோ விலை போகும் வீட்டுக்கு வாங்குபவர் பிடித்துக் கட்டும் ஒரு சதவீத வரியும் அதன் மேல்தான். குறைத்து எழுதினால் மீதி ரொக்கமாகக் கைமாறும். அந்த வம்பு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரைத்தான் தேடி வரும்.

பல தரகர்களிடம் சொல்வதில் எனக்குள்ள குறை ஒன்றே. ஒரே வீடு ஒரே தெருவில் மூன்று விலைகளில் பேசப்படும். வாங்க வருபவர் மிகக் குறைந்த விலையைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்.

ஒரே தரகருக்குக் கொடுக்கும்போது நம் கையில் பேரம் பேச ஏதோ இருக்கிறது. "சார், ரெண்டு பர்சென்ட் எல்லாரும் குடுக்கறதுதான்" என்றுதான் எங்கள் தரகரும் தொடங்கினார். வாங்குபவரிடமும் தரகு வாங்குவீர்களா என்று கேட்டேன், ஆமாம் என்றார். அப்படியானால் 90 நாள்களுக்கு வேறு எந்தத் தரகரிடமும் வீட்டைக் கொடுக்கமாட்டோம், எங்கள் பக்கம் ஒரு சதவீதம் போதும் என்றேன். இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொண்டார். 1,70,000 ரூபாயாக இருந்திருக்க வேண்டியது 85,000 ஆனது. ஆயினும் சதவீத முறை தரகரை நம் பக்கம் நிறுத்திவிடும் என்று எண்ண வேண்டாம். விலையில் ஒரு லட்சம் குறைந்தால் அவருக்கு இழப்பு ஆயிரம் ரூபாய், நமக்கு 99,000. "முடிச்சிடலாம் சார்" என்று அவர் அவசரப்படுத்துவது இயல்பே; விலையின் அடிமட்டத்தை நாம்தான் பிடித்து நிற்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது, தரகு எந்த நாளில் கைமாறுகிறது என்பதே. விற்பனை ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கும் அன்று பாதி, பத்திரப் பதிவன்று பாதி என்று கேட்பது பரவலான பழக்கம். நாங்கள் ஒரு தாளில் ஐந்து வரி எழுதினோம். அதில் "கிரையப் பத்திரம் பதிவான அன்று, முழுத் தொகையும் எங்கள் கணக்கில் சேர்ந்த பிறகு" என்ற வரிக்காக மட்டும் ஒரு மாலை முழுவதும் பேச வேண்டியிருந்தது. முதலில் வந்தவர் 86 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டு ஐந்து லட்சம் முன்பணம் கொடுத்தார். அவர் கடன் கேட்ட வங்கியின் பொறியாளர் அளவு நாடாவோடு மாடிக்குப் போய்ப் பின்பக்க அறையை அளந்தார். அந்த அறை அனுமதி வரைபடத்தில் இல்லை. கடன் மறுக்கப்பட்டது, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வழக்கப்படி இரண்டு சதவீதத்தில் பாதியை ஒப்பந்தத்தன்றே கொடுத்திருந்தால் 86,000 ரூபாய் போயிருக்கும். அதைத் திரும்பக் கேட்டுப் பெறுவது எளிதன்று. எங்கள் வரி இருந்ததால் தரகரே முனைந்து, சொந்தப் பணத்தில் வாங்கக்கூடிய அடுத்தவரை ஆறு வாரத்தில் அழைத்து வந்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் புகைப்படமும் விரல்ரேகையும் முடிந்து வெளியே வந்த பிறகுதான், வேப்பமரத்தடியில் நின்று, அவர் கணக்குக்குப் பணம் அனுப்பினேன்.

வங்கி வழியே அனுப்பி ரசீது வாங்குவதில் இன்னொரு பயன் உண்டு: மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது தரகை விற்பனைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். தரகர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். பெற்றவராக இருந்தால் 85,000 ரூபாய்க்கு 18 சதவீதம், அதாவது 15,300 ரூபாய் கூடும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா தரகு வீதத்தை நிர்ணயிக்கவில்லை. தரகர்கள் முகவராகப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் அதன் பிரிவும் பதிவான கட்டுமானத் திட்டங்களைப் பற்றியதே, எங்களுடையதைப் போன்ற பழைய தனி வீட்டுக்கன்று. ஆகவே அந்த ஐந்து வரித் தாள்தான் எங்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது.

அடுக்குமாடி வீட்டை நான் விற்றதில்லை. ஒரே வளாகத்தில் பல வீடுகள் விலைக்கு இருக்கும் இடத்தில் ஒற்றைத் தரகர் முறை இதே அளவு பலன் தரும் என்று உறுதி கூறமாட்டேன். எங்கள் தரகரும் ஒரு நிபந்தனை கேட்டார்: 90 நாள் கழிந்த பிறகு, அவர் காட்டிய ஒருவருக்கே நாங்கள் நேரடியாக விற்றால் தரகு உண்டு என்பது. அது நியாயமே என்று ஏற்றோம். ஆனால் அவர் அழைத்து வந்தவர்களின் பெயர்களை அன்றன்றே அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம்.