அடுக்குமாடி அடுப்படிக்கு எது காப்பு: எரிவாயுவா இண்டக்சனா, தூளா மூடியா?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் தீயைச் சமாளிக்கும் வழி வீட்டின் அமைப்பிலேயே இருந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் அடுப்படி கடைசிக் கட்டில் இருக்கும். எழும் புகை வானம் பார்த்த முற்றத்தின் வழியே மேலே போய்விடும். முன்வாசல் அடைபட்டால் பின்வாசல் உண்டு. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் எழுந்திருக்கும் அடுக்குமாடிகளிலோ, பிள்ளைகள் வாங்கியிருக்கும் சென்னை உயர்மாடிகளிலோ இவற்றில் ஒன்றும் கிடையாது. அடுப்படி பல வீடுகளில் வாசற்கதவிலிருந்து நான்கடி தொலைவில் இருக்கிறது, வாசல் ஒன்றே ஒன்றுதான், மேல்வீட்டுக்காரரின் பால்கனி நம் சன்னலுக்கு நேர் மேலே நிற்கிறது.

இந்த நிலையில் எந்த அடுப்பு, எந்தத் தீயணைப்பான், எந்த அலாரம் என்று ஒப்பிடும்போது விலையையும் வசதியையும்விட ஒரு கேள்வியை முதலில் வைப்பது என் வழக்கம்: வீட்டில் ஒருவரும் கவனிக்காத இரண்டு நிமிடத்தில் இந்தப் பொருள் தானாக என்ன செய்யும்? விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் விவரம் இதுதான்.

கட்டடத்தின் உயரமும் ஒப்பீட்டில் சேரும். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்தையே உயர்மாடி என்று கொள்கின்றன. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறை 15 மீட்டரிலிருந்தே அப்படிக் கணக்கிடுகிறது. சென்னையின் பதினைந்தாம் மாடியில் தீயணைப்புக் குழாயும் கூரையில் நீர்தெளிப்பானும் இருக்கும், ஆனால் இறங்குவதற்கு முப்பது அடுக்குப் படி இருக்கும். நம் ஊரின் நான்கு மாடிக் கட்டடத்தில் விரைவில் இறங்கிவிடலாம். உயர்மாடிக்குரிய ஏற்பாடுகள் பலவற்றை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆகவே சின்னக் கட்டடத்தில் இருப்பவர் தம் வீட்டுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாட்டையே பெரிதும் நம்பியிருக்க வேண்டும்.

முதலில் அடுப்பு. 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் சன்னல் வழியாக எளிதில் வெளியேறாமல் தரையோடு படர்ந்து மேடைக்கு அடியிலும் நீர்ப்போக்கித் துளையிலும் தங்கிவிடும்; காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். வளவு வீட்டின் காற்றோட்டத்தில் கலைந்துபோகக்கூடிய கசிவு, குளிர்சாதனத்துக்காக எல்லாக் கதவையும் சாத்தி வைத்த வீட்டில் இரவு முழுக்கச் சேரும். பொங்கிய பால் அடுப்பை அணைத்துவிட்டால் சாதாரண அடுப்பில் வாயு தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். சுடர் அணைந்ததும் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு உள்ள அடுப்புகள் சந்தையில் இருக்கின்றன. எரிவாயுவிலேயே இருக்க விரும்புபவர் கண்ணாடி மேற்பரப்புக்கும் பர்னர் எண்ணிக்கைக்கும் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம். கசிவு உணரும் கருவி வாங்கினால் அதைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் பொருத்த வேண்டும். கூரையருகே மாட்டினால் கருவி ஒலிக்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

ரப்பர் குழாயைப் பற்றியும் ஒரு சொல். நடுக்குழாய் நன்றாகத்தான் இருக்கும். ரெகுலேட்டர் முனையிலும் அடுப்பு முனையிலும் கவ்வி இறுகும் இடத்தை விரலால் லேசாக வளைத்துப் பார்த்தால், வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். குழாய்க்குச் சொல்லப்படும் ஐந்தாண்டு ஆகும் முன்பே அப்படித் தெரிந்தால் குழாயை அன்றே மாற்ற வேண்டும். வாயு வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 எண்ணை அழைக்க வேண்டும்.

இண்டக்சன் அடுப்பில் சுடரும் இல்லை, கசிவும் இல்லை, புடவைத் தலைப்பு பற்றும் அச்சமும் இல்லை. பாத்திரத்தை எடுத்தால் சூடு நிற்கிறது, நேரம் வைத்தால் தானே அணைகிறது. என் கேள்விக்கு இது நேரடியாகவே விடை தருகிறது. ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். 2,000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்சன் பெட்டியிலோ செருகினால் ஒரு தீயை விட்டு இன்னொரு தீயை வாங்கியதாகிவிடும். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கென்று தனி ஒயரும் தேவை. அடுத்தது, வெப்பத்தை அளக்கும் உணரி கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. அடி வளைந்த சட்டியில் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றினால் உணரி அறியும் முன்பே எண்ணெய் அளவுமீறிக் காய்ந்துவிடும். நம் ஊர் இருப்புச்சட்டி அடி குழிந்தது என்பதால் இண்டக்சனுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

ஆகையால் அன்றாடச் சோறு, குழம்பு, பால் அனைத்தையும் இண்டக்சனுக்கு மாற்றிவிட்டு எரிவாயுவைப் பலகாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே பல வீடுகளில் நடைமுறையாக இருக்கிறது. எனக்கும் அது சரியென்றே படுகிறது, ஆனால் அபாயம் முழுவதும் அந்தப் பலகார நாளில் வந்து சேர்கிறது. கைமுறுக்கும் மனகோலமும் மணிக்கணக்கில் சுடுகிறோம். இடையில் வாசல் மணி அடிக்கிறது, அமெரிக்காவிலிருந்து பேரன் போனில் அழைக்கிறான். அதற்குள் எண்ணெயின் மேல் மெல்லிய நீலப்புகை இழையோடத் தொடங்குகிறது. செக்கெண்ணெய்க்கு இது சுத்திகரித்த எண்ணெயைவிடக் குறைந்த சூட்டிலேயே வந்துவிடும். புகை வெண்மையாகத் தடித்து, மூக்கைக் காரமாகத் தாக்கும்போது எண்ணெய் பற்றும் எல்லையை நெருங்கிக்கொண்டிருக்கிறது. 350 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் தீக்குச்சியே தேவையின்றித் தானாகப் பற்றும். இதற்கு மாற்று, காரைக்குடியில் பலகாரம் சுட்டு விற்கும் ஆச்சிகளிடம் சொல்லி வாங்கிக்கொள்வது. “வீட்டில் சுட்ட மாதிரி வருமா?” என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, சுடுவதென்றால் அடுப்பருகே இருவர் இருக்கட்டும், ஒருவர் நகர்ந்தாலும் மற்றவர் நிற்கட்டும் என்று மட்டும் சொல்வேன்.

பற்றிவிட்டால் எதைக் கையில் எடுப்பது? தண்ணீரைப் பற்றி ஐயமே வேண்டாம். அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி, அந்தக் கணமே ஏறத்தாழ 1,700 மடங்காக விரிந்து ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை அள்ளி வீசும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஏபிசி தூள் அணைப்பான் துணி, மரம், பெட்ரோல், மின்சாதனம் ஆகியவற்றில் பிடிக்கும் தீக்கு நல்லது. வீட்டுக்கு ஒன்று என்றால் அதையே வாங்கச் சொல்வேன். எண்ணெய்ச் சட்டியில் அது சுடரை அடக்குமே தவிர எண்ணெயைக் குளிர்விப்பதில்லை, தூள் படலம் கலைந்தால் மறுபடி பற்றலாம். மிக அருகே நின்று அழுத்தினால் அதன் வேகமே எண்ணெயைச் சிதறடிக்கும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் கறையின்றி வேலை செய்வதால் மின்பலகைக்கு உகந்தது, சட்டித் தீக்கு உகந்ததன்று. சமையல் எண்ணெய்க்கென்றே ஈரவேதி அணைப்பான் இருக்கிறது. அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் எண்ணெயின் மேற்பரப்பைச் சோப்பு நுரையாக மாற்றி மூடுவதோடு குளிரவும் வைக்கிறது. உணவகங்களுக்கு இதுவே சரி. வீட்டில் மாதந்தோறும் பலகாரம் சுட்டு விற்பவர்களும் இதை வாங்கலாம்.

மற்ற வீடுகளுக்கு என் தேர்வு மூடி. இருப்புச்சட்டியின் வாயைவிட அகலமான, கனத்த, கைப்பிடியுள்ள தட்டையான மூடியை, எண்ணெய் ஊற்றும் முன்பே அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். பற்றினால் மூடியை மேலிருந்து போடாமல், நம் பக்கத்திலிருந்து கேடயம் போலப் பிடித்துச் சறுக்கி மூட வேண்டும்; அடுப்பை அணைத்து, சட்டி ஆறும் வரை திறந்து பார்க்காமல் இருக்க வேண்டும், தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடக் கூடாது. தீப்போர்வையும் இதே வேலையைத்தான் செய்கிறது என்றாலும் அகன்ற சட்டிக்குப் பெரிய அளவு வேண்டும், பதற்றத்தில் விரிக்கவும் வர வேண்டும். அணைப்பானை எங்கே மாட்டுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் தீயைத் தாண்டி எடுக்க வேண்டியிருக்கும். வாசற்கதவை ஒட்டி மாட்டினால் முதுகுக்குப் பின்னே வழி இருக்கும். 2 கிலோ அணைப்பான் பத்து வினாடி அளவில் தீர்ந்துவிடும், அதற்குள் அடங்காத தீ நம்முடைய வேலையன்று. கதவைச் சாத்திவிட்டு லிஃப்டைத் தவிர்த்துப் படியில் இறங்கி 101 அல்லது 112ஐ அழைக்க வேண்டும்.

அலாரத்தில் புகை உணர்வதும் உண்டு, வெப்பம் உணர்வதும் உண்டு. வரமிளகாய் தாளிக்கிற அடுப்படியில் புகை அலாரத்தை மாட்டினால் நாள்தோறும் அலறும், ஒரு வாரத்தில் யாராவது அதன் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அடுப்படிக்கு 57 பாகையை ஒட்டி ஒலிக்கும் வெப்ப அலாரமும், படுக்கையறைக்கு வெளியே புகை அலாரமும் ஏற்றவை. உறங்குபவருக்கு மூக்கு வேலை செய்யாது என்பதால், ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் படுக்கையறைப் பக்கத்துக்கே முதலிடம் தருவேன்.

மின்பலகையில் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்சுகளில் எம்சிபி மேலா, ஆர்சிசிபி மேலா என்ற கேள்வியே பொருந்தாது. முன்னது அளவுமீறிய மின்னோட்டத்தையும் ஷார்ட் சர்க்கியூட்டையும் அறுக்கிறது; 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி நிலத்துக்குக் கசியும் மின்சாரத்தை அறுக்கிறது. இரண்டும் இருக்க வேண்டும். இரண்டின் கண்ணிலும் படாமல் போகக்கூடியது, தளர்ந்த திருகில் பிறக்கும் சூடு. பிளக்கைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் எலக்ட்ரீசியனை அழைக்க அதுவே போதிய காரணம்.

விளக்கு பற்றிய ஒப்பீட்டை நீட்ட விரும்பவில்லை. கார்த்திகைக்குப் பால்கனியில் வரிசையாக ஏற்றும் அகலுக்குப் பதில் மின்விளக்கு வைக்கலாம். சாமி வீட்டு விளக்கைத் திரைச்சீலையிலிருந்து தள்ளி வைத்து, வெளியே கிளம்பும்போது மலையேற்றிவிடலாம். பிள்ளையார் நோன்பின் இழைக்கு மின்விளக்கு மாற்றாகாது. 21 இழைத் திரியைச் சுடரோடு வாயிலிட்டுக்கொள்ளும் அந்தச் சடங்கில் எல்லோருடைய கண்ணும் சுடரின் மேலேயே இருக்கிறது. நைலான் கலந்த துணியைத் தவிர்த்து, தலைப்பைச் செருகிக்கொண்டால் போதும்.

மின் ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுவந்து கூடத்தில் சார்ஜ் போடுவதா, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் போடுவதா என்பதில் நான் கீழே என்பேன். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் லித்தியம் மின்கலத்தை ஆராய்பவர்கள் வாழும் ஊர் காரைக்குடி என்பதால், ஒரு செல் சூடேறினால் அடுத்த செல்லையும் சூடேற்றிக்கொண்டே போகும் என்பதைக் கேட்டறிய இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. அத்தகைய பேட்டரியை வாசற்கதவுக்கு அருகே, இரவில், அனைவரும் உறங்கும்போது சார்ஜில் போடுவது இருக்கிற ஒரே வழியையும் அடைத்துக்கொள்வதாகும். கீழே போடுவதற்கும் தனிப் பிளக்கு வேண்டும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம் அதற்கு ஆகாது.

கடைசியாகக் கம்பிக் கதவு. திருட்டுக்கு அஞ்சி பால்கனி முழுக்கக் கம்பி அடைப்பதும், வாசலில் இரும்புக் கதவுக்கு உள்பக்கமாகப் பூட்டுப் போடுவதும் நம் ஊரில் அதிகம், முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளில் இன்னும் அதிகம். கம்பியை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பால்கனிக் கம்பியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கீல் வைத்த பகுதியும், வாசலில் சாவியின்றி உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாளும் போட்டுத் தரப் பட்டறைக்காரரிடம் கேட்கலாம். பூட்டுத்தான் வேண்டுமென்பவர்கள் சாவியைக் கதவுக்கு உள்பக்கத்திலேயே, இருட்டிலும் புகையிலும் கை தடவினால் அகப்படும் உயரத்தில், ஆணியில் மாட்டி வைக்கட்டும்.