மூழ்கினது, மோதினது, ஓடித் தேய்ந்தது: வீட்டில் வைத்துச் சரிசெய்ய எந்த சொகுசு கார்?

அறுபது லட்சத்துக்கு ஷோரூமைவிட்டு இறங்கிய பென்ஸ், ஒரு ஸ்விஃப்ட் விலைக்கு ஏலத்தில் நிற்கிறது என்றால் யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும். ஸ்பேனர் பிடித்துப் பழகியவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். "வெறும் மழைத்தண்ணி சார், காயவெச்சா ஓடிடும்" என்று புரோக்கர் போனில் சொல்லும்போதே நாம் போர்ட்டிகோவை மனசுக்குள் காலி செய்துவிடுவோம்.

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டுக்கும் பிறகு சென்னையில் இப்படிப்பட்ட கார்கள் குவிந்தன. இவற்றோடு போட்டி போட இன்னும் இரண்டு வகை உண்டு: விபத்தில் அடிபட்டு இன்சூரன்ஸ் கைகழுவியவை, அடியும் படாமல் நீரிலும் மூழ்காமல் ஓடி ஓடியே தேய்ந்தவை. மூன்றையும் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கப் போகிறேன்: வாங்கும் நாளிலேயே சேதம் எங்கே முடிகிறது என்று கைகாட்டிச் சொல்ல முடியுமா? பென்ஸ் ஈ கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ், ஆடி ஏ4, ஏ6 ஆகிய செடான்களின் பழைய தலைமுறைகளைத்தான் கணக்கில் எடுக்கிறேன். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வகையறா வேண்டாம். அந்த பேட்டரியை வீட்டில் வைத்துத் திறக்கக் கூடாது.

விலை ஏன் இவ்வளவு விழுகிறது?

ரிப்பேர் செலவு காரின் ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் கணக்கில் எழுதிவிடும். 60 லட்ச ரூபாய் கார், நாலு வருடம் முடிந்து ஐந்தாவது நடக்கிறது என்று வையுங்கள். தேய்மானம் 50 சதவீதம், ஐ.டி.வி. 30 லட்சம். எஸ்டிமேட் 22.5 லட்சத்தைத் தொட்டுத் தாண்டினால் கார் ஏலத்துக்குப் போய்விடும். கம்பெனி சர்வீஸ் சென்டர் எதையும் திறந்து பழுது பார்ப்பதில்லை. புதுசு போடும், அதுவும் இறக்குமதி விலையில். அதனால் எஸ்டிமேட் சுலபமாக ஏறிவிடும். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய சாமான், நம் சொந்த உழைப்பு இரண்டையும் போட்டால் அந்தத் தொகையில் பெரும்பங்கு மிச்சம். நமக்கு லாபம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான். ஆனால் மூன்று வகையிலும் அந்த மிச்சம் ஒரே அளவு இல்லை.

மூழ்கின கார்

ஏல போட்டோவில் மிக அழகாகத் தெரிவது இதுதான். பெயிண்ட் பளபளக்கும், கதவு இடைவெளியெல்லாம் கச்சிதமாக இருக்கும், கிலோமீட்டரும் குறைவு. வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி இன்ஜின் பற்றியது. உண்மையில் இன்ஜின் இங்கே சின்னப் பிரச்சினை. நிறுத்தி வைத்திருந்தபோது மூழ்கி, அதன் பிறகு யாரும் ஸ்டார்ட் அடிக்காமல் விட்டிருந்தால், சீக்கிரமே சிலிண்டர் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இரண்டு மூன்று முறை மாற்றி, கையால் சுற்றிப் பார்த்துப் பிழைக்க வைத்துவிடலாம். தண்ணீருக்குள் ஓட்டிக்கொண்டுபோய் நின்றதாக இருந்தால் கதை வேறு. தண்ணீர் அமுங்காது; பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடுதான் வளையும்.

பெரிய பிரச்சினை கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கிறது. மாருதி 800 மூழ்கினால் காயவைத்து ஓட்டினார்கள், சரி. இந்த கார்களில் தாழ்வான மூலைமுடுக்கெல்லாம் கம்ப்யூட்டர். ஈ60 தலைமுறை 5 சீரிஸில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரும் சில கண்ட்ரோல் யூனிட்டுகளும் அங்கேதான். டபிள்யூ211 ஈ கிளாஸிலும் பேட்டரியும் பின்பக்க ஃப்யூஸ்-ரிலே யூனிட்டும் டிக்கியில். 2000-களின் ஆடி ஏ4-இல் கதவு, கண்ணாடி, சென்ட்ரல் லாக்கையெல்லாம் ஆளும் கம்ஃபர்ட் மாட்யூல் முன் சீட்டில் கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கார்ப்பெட்டின் அடியில் கனமான ஃபோம் உண்டு. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அழுத்தினால் தண்ணீர் கசியும். சீட்டு, கன்சோல், கார்ப்பெட் மூன்றையும் வெளியே எடுக்காமல் "காயவைத்தேன்" என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள்.

கனெக்டர் பின்கள் பச்சைப் பிடிக்க ஆரம்பித்தால் பழுது தவணை முறையில் வரும். முதலில் ஒரு ஜன்னல், அப்புறம் சீட் மோட்டார், அப்புறம் ராத்திரி நிறுத்தின கார் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். ஏதோ ஒரு மாட்யூல் தூங்கப் போகாமல் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஃப்யூஸ் ஃப்யூஸாக மல்டிமீட்டரை வைத்துத் தேட வேண்டும். கண்டுபிடித்தாலும் புதுப்பேட்டையில் இன்னொன்று வாங்கி மாட்டிவிட முடியாது. ஆடியில் திருட்டைத் தடுக்க வைத்த பூட்டான காம்பொனென்ட் புரொடெக்‌ஷன் இருக்கும் மாட்யூலை கம்பெனி சர்வருடன் இணைத்துத்தான் ஏற்க வைக்க முடியும். பி.எம்.டபிள்யூ.வில் சாவி யூனிட்டும் இன்ஜின் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று ரகசிய எண் பகிர்ந்தவை; ஒன்றை மட்டும் மாற்றினால் ஸ்டார்ட் ஆகாது. பென்ஸில் இக்னிஷன் சுவிட்ச், ஸ்டியரிங் லாக், சாவி எல்லாம் ஒரே குடும்பம். இங்கே சொந்த உழைப்புக்கு மதிப்பே இல்லை, கோடிங் செய்கிறவரின் தயவுதான்.

அப்படியும் பார்க்கப் போகிறேன் என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். வெளியே தெரியும் பகுதியை ஷாம்பூ போட்டுக் கழுவியிருப்பார்கள். ரீலுக்குள் சுருண்டிருக்கும் கடைசி ஒரு அடியை யாரும் தொடுவதில்லை. சேற்றுக்கோடு அங்கே அப்படியே இருக்கும். பெல்ட்டை உள்ளே விடும்போது தயங்கித் தயங்கிப் போனால் ரீலிலும் மண். அடுத்து ஸ்டெப்னி குழி. அதன் பிறகு கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க ஒப்புக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சீட் ரெயிலுக்குக் கீழே நின்ற நல்ல தண்ணீர் என்றால் யோசிக்கலாம். டாஷ்போர்டைத் தொட்டது என்றால் அது ஓட்டுவதற்கான கார் இல்லை.

மோதின கார்

பார்க்க அகோரமாக இருக்கும். ஆனால் சேதம் கண் முன்னால் இருக்கிறது, அது எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். பக்கவாட்டிலோ பின்னாலோ அடி, ஏர்பேக் வெடிக்கவில்லை, கதவும் டிக்கி மூடியும் மாற்றினால் போதும் என்றால் தைரியமாக விலை பேசலாம். போல்ட்டில் நிற்கும் பேனல்களை மாற்றுவதற்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். பெயிண்டுக்கு மட்டும் வெளியே போங்கள்.

முன்பக்க அடி என்றால் மாடலைப் பொறுத்தது. ஈ60 5 சீரிஸின் முன்பகுதிக் கூடு அலுமினியம். ரிவெட்டும் பசையும் போட்டு ஸ்டீல் உடம்போடு சேர்த்திருப்பார்கள். 2007-இலிருந்து செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் அசெம்பிள் ஆன கார்தான். ஆனால் அங்கிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டிங்கரிங் ஷெட்டில் அந்தக் கூட்டை செயின் போட்டு இழுத்தால் விரிசல்தான் விடும். டபிள்யூ211-இன் பானெட்டும் முன் ஃபெண்டரும் அலுமினியம் என்றாலும் அவை கழற்றி மாட்டுகிற சமாச்சாரம். வாங்கும் முன் வீல் அலைன்மென்ட் பிரிண்ட்அவுட் ஒன்று எடுத்துவிடுங்கள். இடது வலது கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) ரொம்ப விலகியிருந்தால் புரோக்கரின் வாய்ச்சொல்லுக்கு மேல் அந்தத் தாள் பேசும்.

ஏர்பேக் வெடித்திருந்தால் பை மட்டும் செலவு இல்லை. பெல்ட் டென்ஷனர், மோதலைப் பதிவு செய்துகொண்ட கண்ட்ரோல் யூனிட், டாஷ்போர்டின் மேல்தோல் எல்லாம் சேரும். பை இல்லாமலே ஒரு ரெசிஸ்டரைச் சொருகி விளக்கை அணைத்துவிட்டு விற்கிறவர்கள் உண்டு. அதை வேறு யாருக்கும் கைமாற்றிவிடுவது கொலைக்குச் சமம். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. பல பி.எம்.டபிள்யூ.களில் பலமான மோதலின்போது பேட்டரியின் பிளஸ் டெர்மினலில் இருக்கும் சின்ன வெடிமருந்து, ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளைத் துண்டித்துவிடும், தீப்பிடிக்காமல் இருக்க. அதனால் "இன்ஜின் சுத்தல, போச்சு" என்று விலையை இறக்கிய காரில் சில சமயம் பழுது அந்த டெர்மினல் மட்டும்தான்.

ஓடித் தேய்ந்தது

டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் காருக்குத் தடை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவு போட்டது. அப்போதிலிருந்து அந்த ஊர் பென்ஸும் பி.எம்.டபிள்யூ.வும் தெற்கே மலிவாக இறங்குகின்றன. அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி வந்து இங்கே ஆயுள் வரி கட்டிப் பதிய வேண்டும். அந்தக் கணக்கைப் போடாமல் விலையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். ஏலக் காயம் இல்லாத, காயலான் கடை வாசல்வரை போய்த் திரும்புகிற கார் இது.

இதன் நோய்கள் எல்லாம் உலகம் பூராவும் பார்த்துப் பழகிய நோய்கள். டபிள்யூ211 ஈ 220 சி.டி.ஐ.யை எடுங்கள். அதன் 722.6 ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கில் 13 பின் கனெக்டரின் ஓ-ரிங் காய்ந்து ஆயில் கசியும். அந்த ஆயில் ஒயருக்குள்ளேயே ஏறி கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்வரை போய்விடும். கார் ஒரே கியரில் அடம்பிடிக்கும். கேட்டால் "கியர்பாக்ஸ் மாத்தணும்" என்பார்கள். கனெக்டர், ஃபில்டர், கேஸ்கெட், புது ஆயில்: பல கார்களில் வைத்தியம் அவ்வளவே. நாலு ஜாக்கி ஸ்டாண்டும் ஒரு டார்க் ரெஞ்சும் போதும். ஆயில் மட்டத்தைச் சூட்டில் அளக்க வேண்டும், குளிரில் அளந்தால் தப்புக் கணக்கு.

அதே காரில் எச்சரிக்கை ஒன்று. 2006 நடுப்பகுதிக்கு முந்தைய டபிள்யூ211-இல் எஸ்.பி.சி. என்ற, கம்ப்யூட்டர் ஆளும் ஹைட்ராலிக் பிரேக். கதவைத் திறந்தாலே விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும். ஸ்கேனர் போட்டு அதைத் தூங்கவைக்காமல் பிரேக் பேடில் கை வைத்தால் விரல் நசுங்கும். பிரேக் எத்தனை முறை மிதிக்கப்பட்டது என்று அந்த யூனிட் எண்ணிக்கொண்டே வரும், அதற்கு ஆயுள் உண்டு. 2006 பிற்பாதி மாடலைத் தேடினால் இந்தத் தலைவலி இல்லை.

எல்லாத் தேய்ந்த காரும் நல்லது என்று சொல்லவில்லை. என்47 டீசல் இன்ஜின் கொண்ட பி.எம்.டபிள்யூ. 520டி-யில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. குளிர்ச்சியில் ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கம் கரகரவென்று சத்தம் வந்தால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் ஆகாது. போர்ட்டிகோ வேலை இல்லை, விடுங்கள். ஆடி வாங்கினால் பன்னிரண்டு முனை ட்ரிபிள் ஸ்கொயர் பிட் செட்டை முதலில் வாங்குங்கள். ஆறு முனை டார்க்ஸ் பிட்டை வைத்து ஒப்பேற்றினால் போல்ட் தலை மழுங்கி ஒரு நாள் வீண்.

என் வரிசை

முதல் கார் என்றால் ஓடித் தேய்ந்தது, அதிலும் 2006 பிற்பாதி டபிள்யூ211. அடுத்து ஏர்பேக் வெடிக்காத, பின்னாலோ பக்கவாட்டிலோ அடிபட்டது. மூழ்கினதை ஓட்டுவதற்கு வாங்காதீர்கள். ஆனால் அதே மாடலில் டாஷ்போர்டுவரை மூழ்கின ஒன்று அடிமாட்டு விலைக்கு வந்தால் உதிரிக்காக எடுக்கலாம்: கதவுத் தகடு, கண்ணாடி, பானெட், பம்பர், அலாய் வீல் எதற்கும் தண்ணீரால் கேடு இல்லை.

கடைசியாகக் காகிதம். எந்த வகையானாலும் பணம் கொடுக்கும் முன் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்று வாகன் தளத்தில் பாருங்கள். பதிவு ரத்தான சேஸிஸை நீங்கள் தங்கமாக்கினாலும் சாலையில் இறக்க முடியாது. பெயர் மாற்ற ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து, கடன் இருந்தால் அதை நீக்க ஃபாரம் 35. இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். உதிரிக்கு வாங்கிய காரின் மிச்சக் கூட்டை எடைக்குப் போட்டுவிடாமல், பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி அதன் ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த சேஸிஸ் நம்பர் ஏதோ ஒரு ஊரில் ஒரு திருட்டுக் காரின் மேல் ஏறும், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.