கியர் சைக்கிளும் கருவேல முள்ளும்: நான்கு வருட அனுபவம்

தங்கை மகன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, உங்க சைக்கிள் மாடல் விலை எட்டாயிரம் இறங்கியிருக்கு. வாங்கிரவா?" நான் அப்போது மதுரை விளாச்சேரிப் பக்கம் சாலையோரத்தில் பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அப்புறம் பேசுறேன்டா" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

2021இல் 46,000 ரூபாய்க்கு வாங்கினேன். 29 அங்குலச் சக்கரம், முன்னால் சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். மற்றதையெல்லாம் கடைக்காரர்களே ஒப்பித்துவிடுவார்கள். அவர்கள் வாய் திறக்காதது முள்ளைப் பற்றித்தான்.

நாகமலை அடிவாரத்தில் ஓட்டுகிறவனுக்குக் கல் ஒரு பிரச்சினையே இல்லை. பாறைமேல் இந்த டயர் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். சீமைக்கருவேலம்தான் வினை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2017இல் அகற்றச் சொல்லியும் கண்மாய்க்கரைகளில் அசையாமல் நிற்கிற மரம், என் டயருக்கா அடங்கும்? வெட்டிப்போட்ட கிளை காய்ந்துவிட்டால் இன்னும் மோசம். முள் டயரில் ஏறியதும் நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிடும். வெளியில் தடவினால் ஒன்றும் தெரியாது. டியூபை ஒட்டி, மாட்டி, காற்றடித்து நூறு மீட்டர் போவோம். மறுபடியும் புஸ்.

இதற்கு வழி காட்டியவர் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பஞ்சர் கடைப் பெரியவர். பனியன் வேஸ்ட் துண்டு ஒன்றை டயரின் உள்பக்கத்தில் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் துணியின் நூல் மாட்டி நின்றது. அங்கே குறட்டை வைத்துப் பிடுங்கினால் குருணை அளவுக்கு ஒரு கறுப்பு முனை. "இதுக்கா தம்பி இவ்வளவு பாடு?" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

அவரும் தோற்றது வால்வில். இந்த வண்டியில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வ். நம்மூர்க் கம்ப்ரஸர் வாய்க்குள் அது உட்காராது. "என்னப்பா இது, மூக்கு ஊசி மாதிரி இருக்கு?" என்றபடி அழுத்தினார். உள்ளே இருக்கிற பொடிக் கம்பி வளைந்தது, டியூப் போச்சு. ஐந்து கிலோமீட்டர் வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தேன். பிறகுதான் தெரிந்தது, வேர்க்கடலைப் பருப்பு அளவில் ஒரு பித்தளை அடாப்டர் உண்டென்று. அதைத் திருகி மாட்டினால் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம், விலை ஐம்பது ரூபாய். 46,000 ரூபாய் வாங்குகிறவர்களுக்கு அதைப் பெட்டிக்குள் போட மனம் வரவில்லை. பஞ்சரைக்கூட மன்னித்துவிட்டேன், இதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்குயில்குடிக்கு ஒரு நண்பர் ஓடி வருவார், நான் சைக்கிளில். வண்டியை ஆலமரத்தடியில் நிறுத்திவிட்டு, சமணர் மலைப் படிகளை இரண்டு பேரும் நடந்தே ஏறுவோம். வழியில் முள் தைத்தால் அவர் ஷூவைக் கழற்றிப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட ஆரம்பித்துவிடுவார். நான் பம்பு, பேட்ச், பசை என்று கடை பரப்பியிருப்பேன். "நடந்தே வந்திருக்கலாம்ல?" என்று ஒருமுறை கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் நான் ஓட்டியதும் உண்டு, தள்ளியதும் உண்டு. அதைக் கணக்குப் பார்க்க வேண்டாம். இறக்கத்தில்தான் இந்த வண்டி யாரென்று தெரியும். பழைய சைக்கிளில் பாதி வளைவுக்குள் விரலெல்லாம் மரத்துவிடும். இதில் ஒற்றை விரல் போதும். ஒருமுறை வளைவு திரும்பியதும் நடுரோட்டில் காட்டுமாடு ஒன்று நின்றது. பிரேக்கைப் பிடித்தேன், சறுக்காமல், கீச்சென்றுகூடக் கத்தாமல் நின்றது வண்டி. அது என்னைப் பார்த்தது, வாலை ஒரு தடவை வீசியது, சரிவில் இறங்கிப் போய்விட்டது. எனக்குத்தான் அதற்கப்புறம் பத்து நிமிடம் கால் தரையில் பாவவில்லை. நான்கு வருடத்தில் பிரேக் பேட் இரண்டு முறை மாற்றினேன், ஆயில் ஒரு முறை. பிரேக்குக்கு வேறு செலவே இல்லை.

ரிம்மும் டயரும் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றவைதான். ஆனாலும் டியூப் போட்டுத்தான் விற்கிறார்கள். காற்றைக் குறைத்துக் கல்லில் ஓட்டினால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பாம்பு கொத்தியதுபோலப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். நாகமலையில் ஓட்டுகிறவனுக்கு இதுவும் பொருத்தம்தான். போன வருடம் டியூபைத் தூக்கிப்போட்டுவிட்டு டயருக்குள் சீலண்ட் என்கிற ஓட்டையடைக்கும் பாலை ஊற்றினேன். முள் குத்தினால் அந்தப் பால் கசிந்து, உறைந்து, தானே அடைத்துக்கொள்ளும். நெருஞ்சியெல்லாம் இப்போது தூசு. ஒரே குறை, மதுரை வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும், கத்திரியில் அதற்கும் முன்னால்.

போன வாரம் சக்கரம் மடியில் இருந்ததற்குக் காரணமும் அதுதான். டயரைத் திறந்தால் உள்ளே பால் இல்லை, காய்ந்த தோல்தான் இருந்தது. மறந்தவன் நான். ஆனாலும் திட்டு வாங்கியது வண்டி.

ராத்திரி தங்கை மகனைக் கூப்பிட்டு, "வாங்காதடா, அந்தக் காசுக்கு நல்ல ஷூ ரெண்டு ஜோடி வாங்கி ஓடு" என்றேன். "அப்ப உங்க வண்டிய எனக்குக் குடுத்துருங்க மாமா" என்றான். அதற்கு மட்டும் வாய் வரவில்லை. மறுநாள் சீலண்ட் வாங்கப் போனபோது பித்தளை அடாப்டர் கண்ணில் பட்டது. இரண்டாக வாங்கி வந்திருக்கிறேன்.