முழுப் பலகை டீப்பாய்: பாலிஷுக்கு முன்னால் பார்க்காமல் வாங்காதீர்கள்

ஒரே பலகையில் டீப்பாய் செய்யக் கொடுக்கப்போகிறவர்கள், முன்பணம் நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடை சென்னைப் புறநகரில் இருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் சொல்லவில்லை.

ஓரத்தைச் செதுக்காமல் மரத்தின் வளைவு அப்படியே தெரியும் தூங்குமூஞ்சிப் பலகை, இரண்டு அங்குலத் தடிமன், இரும்புக் கால், மேலே கண்ணாடி போல இறுகும் எபாக்சி பிசின் பூச்சு. விலை 32,000 ரூபாய். "இரண்டு வருடம் காய்ந்த மரம் சார், சீசன் செய்தது" என்றார் கடைக்காரர். அதை பில்லிலும் எழுதி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்த அன்று மூன்று பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். காய்ந்த தூங்குமூஞ்சி அவ்வளவு கனக்காது. கனத்ததெல்லாம் உள்ளே இருந்த தண்ணீர்.

கோடை தொடங்கி ஏசி ஓட ஆரம்பித்ததும் வேடிக்கை தொடங்கியது. முதலில் எபாக்சிக்கு அடியில் வெள்ளைப் படலம். பிறகு பலகையின் நடு எழும்பி ஓரங்கள் இறங்கின. ஓரமாக வைத்த டம்ளர் சரிகிறது. கடைசியில் ஒரு முனையிலிருந்து விரிசல். ஒரு ரூபாய் நாணயத்தை அதில் செருகி நிறுத்தலாம்.

தெரிந்த தச்சர் ஒருவரை அழைத்துக் கவிழ்த்துப் பார்த்தோம். மேற்பக்கத்துக்கு அத்தனை பூச்சு பூசியவர்கள் அடிப்பக்கத்தில் ஒரு கை வார்னிஷ்கூட அடிக்கவில்லை. ஈரம் கீழ்வழியாக மட்டும் வெளியேற, அந்தப் பக்கம் மட்டும் சுருங்கியிருக்கிறது. காலை மாட்டிய விதம் இன்னும் மோசம். இரும்புச் சட்டத்தில் வட்டத் துளை போட்டுத் திருகுகளை இறுக்கியிருந்தார்கள். மரம் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும், இரும்பு சுருங்காது. நீளத் துளை போட்டிருந்தால் திருகு நகர்ந்து வழிவிட்டிருக்கும். வழியில்லாததால் பலகை வெடித்தது. ஏற்கெனவே இருந்த ஒரு வெடிப்பை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருந்ததும் அங்கேதான் தெரிந்தது.

தச்சர், மரத்தின் ஈரத்தை அளக்கும் தன் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் அடிப்பக்கத்தில் குத்தினார். 24 சதவீதம். வீட்டுச் சாமானுக்கு 12-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்றார். காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. இந்த மரம் சென்ற மழைக்காலத்தில் வெட்டியதாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

போதாக்குறைக்கு, பட்டையை ஒட்டிய வெளிர்ப்பகுதியில் குண்டூசித் துளைகள். தரையில் மைதா போலத் தூள். நடுவில் உள்ள கெட்டியான வைரப்பகுதியை விட்டுவிட்டு, மாவுச்சத்து நிறைந்த இந்தப் பகுதியைத்தான் வண்டு குடையும். மருந்து எதுவும் அடித்த தடயம் இல்லை.

கடைக்காரரிடம் கேட்டால், "மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும் சார், அதுதான் இயற்கை" என்கிறார். இயற்கைக்கா 32,000 கொடுத்தேன்?

வாங்குகிறவர்கள் பாலிஷ் போடுவதற்கு முன் பலகையின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். ஈரமானியைக் கண் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். மரத்தின் பெயரும் சீசன் செய்த விவரமும் பில்லில் இருக்கட்டும். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும்.

விரிசலில் நீல எபாக்சி ஊற்றி ஆறு ஓடுவதாகக் காட்டித் தருகிறேன், 6,000 மட்டும் கொடுங்கள் என்று கடைக்காரர் நேற்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். அதையும் அச்செடுத்துப் புகாரோடு சேர்த்துவிட்டேன்.