பாண்டிச்சேரியில் நான்கு கிளாஸ் ஒயின்

நம்மூரில் 'ஒயின்ஷாப்' என்று சொல்லிக்கொண்டு போனவர்களில் ஒயின் கேட்டவர் அபூர்வம். நானும் கம்பத்தில் வளர்ந்த காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது இருப்பது அடிலெய்டில். ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் பரோசா பள்ளத்தாக்கு. 1843இல் நட்ட ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சைக் கொடிகள் இன்னும் காய்க்கிற இடம். தோட்டத்து வாசலிலேயே கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார்கள், பிடித்தால் வாங்கலாம். அந்தப் பழக்க தோஷத்தோடு ஜனவரியில் பாண்டிச்சேரி மச்சான் வீட்டுக்குப் போனேன்.

முதல் கடையில் மேற்கு வெயில் நேராக அலமாரியில் விழுந்தது. கார்க் காயாமல் இருக்கப் படுக்க வைக்க வேண்டிய பாட்டில்கள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. எது நல்லா இருக்கும் என்று கேட்டேன். "வீட்டு லேடீஸுக்கா சார்? போர்ட் எடுத்துக்கங்க, இனிப்பா இருக்கும்." கோவாவிலிருந்து வரும் அந்த இனிப்புச் சரக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நம் பக்கம் பாதிப்பேருக்கு ஒயின் என்றாலே அதுதான். வேறொரு சிவப்பு ஒயினைக் கைகாட்டி வாங்கினேன். வீட்டில் மேலுறையைக் கிழித்தால் உள்ளே பிசுபிசுப்பு. கார்க் கழுத்துக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. வெயிலில் வெந்த ஒயின், வேகவைத்த உலர்திராட்சை மாதிரி. "இதுக்கா மாப்ள அங்க மணிக்கணக்கா கார் ஓட்டிட்டுப் போறீங்க?" என்றார் மச்சான்.

இரண்டாவது கடையை அவருடைய நண்பர் சொன்னார். சின்னக் கடைதான், ஆனால் ஒயினுக்கு மட்டும் பின்னால் ஒரு ஏசி அறை. கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், கயிறு கட்டிய கண்ணாடி. விலையைக் கேட்கவில்லை, "இன்னைக்கு வீட்ல என்ன சமையல் சார்?" என்றுதான் கேட்டார். வஞ்சிரம் வறுவல் என்றேன். "அப்ப சிவப்பு வேணாம். அதுல இருக்கிற துவர்ப்பு காரத்தைத் தூக்கிவிடும், நாக்கு எரியும்." நாசிக்கின் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஒன்றை எடுத்தார், லேசான இனிப்புள்ளது. லேபிளில் வருஷத்தைப் பார்த்தார், பழசு, ருசி போயிருக்கும் என்று உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அந்த ஒரு காரியத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை மாலை மாடி உணவகத்தில் ருசி பார்க்கக் கூப்பிட்டார். ஆறு பேர், நான்கு ஒயின், ஒவ்வொன்றும் முப்பது மில்லி இருக்கும். முதல் கிளாஸில் பாத்திரம் கழுவும் சோப்பு வாசனை. சொன்னேன், முகம் சுளிக்காமல் எல்லாருக்கும் கிளாஸை மாற்றினார். துப்புவதற்கு ஒரு வாளியும் இருந்தது. காசு கொடுத்துவிட்டு யார் துப்புவது? வாளி கடைசிவரை காய்ந்தே கிடந்தது.

ஷிராஸ் வந்தபோது ஒருவர், சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில்தானே குடிக்கணும் என்றார். "அது ஐரோப்பாக்காரன் ரூம் சார், பதினாறு பதினெட்டு டிகிரி. இங்க ரூம்ல முப்பது" என்று சொல்லி, பாட்டிலை இருபது நிமிடம் பிரிட்ஜில் வைத்தார். வைக்கும் முன் ஒரு மடக்கு, எடுத்த பின் ஒரு மடக்கு. முதலில் சாராய நெடி மட்டும் மூக்கில் ஏறியது. அப்புறம்தான் மிளகும் நாவல்பழமும் தெரிந்தன. பரோசாவில் கூட எனக்கு இதை யாரும் இப்படிக் காட்டியதில்லை.

நான் கம்பத்துக்காரன் என்றதும் பேச்சு பன்னீர் திராட்சைக்குப் போனது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது எங்கள் திராட்சை. உலகத்துக்கு அது மஸ்கட் ஹாம்பர்க். கலிபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்ற பெயரில் இனிப்பு ஒயின் ஆகிறது. நாங்கள் அதை ஜூஸ் கடைக்கு அனுப்பியே பழகியவர்கள்.

மூன்று பாட்டில் கேட்டேன். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்றார். ஈசிஆர் வழியாகச் சென்னை என்றதும் இரண்டைத் திரும்ப உள்ளே வைத்தார். "செக்போஸ்ட்ல தமிழ்நாட்டுப் போலீஸ் டிக்கியைத் திறப்பாங்க. இங்கேயே குடிக்கிறதுன்னா ஒண்ணு போதும்."

அந்த ஒன்றையும் குடிக்க நேரமில்லாமல் மச்சானிடம் விட்டுவந்தேன். நேற்று போட்டோ அனுப்பியிருக்கிறார்: பிரிட்ஜ் மேலே, ஸ்டெபிலைசர் பக்கத்தில், பத்திரமாக நிமிர்த்தி வைத்திருக்கிறார்.