நாட்டு வெண்டையா, வீரிய ஒட்டு வெண்டையா?

மூன்று ஆடிப்பட்டங்களுக்கு முன்பு மாடியில் இரண்டையும் அடுத்தடுத்த பைகளில் விதைத்தேன். இப்போது நாட்டு வெண்டை மட்டுமே போடுகிறேன்.

காய்ப்பில், இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கும் ஒட்டு விதைதான் மேல். மஞ்சள் நரம்புத் தேமலையும் அது தாங்கி நின்றது. நாட்டுச் செடிகளில் இரண்டு அந்த நோயில் போயின. விலை ஒரு பொருட்டில்லை, மாடிக்கு இருபது விதை போதும்.

என் மனத்தை மாற்றியது ஒட்டு விதையை உண்டாக்கும் முறை. வெண்டைப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகவே இருக்கும். அதனால் ஒட்டு விதைக்கு, மறுநாள் மலரப்போகும் மொட்டை முந்தின மாலையே பிரித்து, பெண் பாகமான சூல்தண்டைச் சுற்றியிருக்கும் மகரந்தக் குழலை நகத்தால் உரித்தெடுத்து, உறை மாட்ட வேண்டும். காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைச் சூல்தண்டின் நுனியான சூல்முடியில் தடவ வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் இதே வேலை, வாரக்கணக்கில்.

கர்நாடகத்தின் ராணிபென்னூர் வட்டாரத்தில் காய்கறி ஒட்டு விதை பெரிய தொழில். கர்நாடகம், ஆந்திரம், குஜராத் விதை வயல்களில், குறிப்பாகப் பருத்தியில், பள்ளியில் இருக்க வேண்டிய சிறுமிகள் இந்த வேலையைச் செய்தது பலமுறை பதிவாகியிருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் தடைக்கான 2016 திருத்தச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைக்கத் தடை விதித்தாலும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவ விலக்குத் தருகிறது. எல்லா ஒட்டு விதையும் இப்படி வந்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் வாங்கிய பாக்கெட்டில் முளைப்புத்திறன், தூய்மை, காலாவதித் தேதி எல்லாம் இருந்தன. மொட்டைப் பிரித்தது யார் கை என்பது மட்டும் இல்லை. எனக்கு அது தெரிய வேண்டும்.

நாட்டு வெண்டையில் தெரிகிறது. பூச்சி நுழையாதபடி மொட்டின் நுனியை முந்தின மாலை நூலால் கட்டிவிடுகிறேன். தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கிறது. காம்பில் அடையாள நூல் கட்டி, காய் பழுப்பேறி விளிம்பு வெடிக்கும்வரை விட்டுவைக்கிறேன். அதே குணம் அடுத்த ஆண்டும் வருகிறது. ஒட்டுச் செடியில் எடுத்த விதையைப் போட்டபோது குட்டை, நெட்டை, முள் காய் என்று பலவாறாகப் பிரிந்தது.

பூசணியில் ஒரே முறைதான் விதை எடுத்தேன். பக்கத்து மாடிப் பூசணியோடு கலந்துவிட்டது. அதை வைத்துக் கொடிவகைகளுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. விளைச்சலை நம்பிப் பிழைக்கும் விவசாயிக்கும் என் மாடிக் கணக்குப் பொருந்தாது.

நாட்டு விதை வாங்குபவர்கள், எந்த ஆண்டு எடுத்தது, பக்கத்தில் வேறு ரகம் இருந்ததா என்று கேளுங்கள். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்துவையுங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் நெருக்கி விதையுங்கள்.